ஆர்.சி. ஸ்கூலோட தலைக்கணக்கு: பூசை அறிவிப்புல இருந்து ஆகஸ்ட் 1 வரைக்கும்

2024 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள். அன்னிக்கு திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில புனித அன்னாள் தொடக்கப்பள்ளிக்கு முதலமைச்சர் ஸ்டாலின் வந்து, கிராமத்துல இருக்கற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வச்சாரு. அடுத்த வருஷம் 2025 ஆகஸ்ட் 26, நகரத்துல இருக்கற உதவி பெறும் பள்ளிகளுக்குத் தொடங்குனாங்க, அது சென்னை மயிலாப்பூர்ல புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளி, பஞ்சாப் முதல்வர் பகவந்த் மான் கூட வந்திருந்தாரு. ரெண்டும் கத்தோலிக்க தொடக்கப்பள்ளி. உடனே ஒரு கூட்டம் கிளம்பும்ல, "மிஷன் ஸ்கூலுக்கு எதுக்கு அரசாங்கத்து சோறு, அவங்ககிட்ட இல்லாத காசா"ன்னு. இப்படிக் கேக்கறவங்க மனசுல இருக்கறது டையும் ஷூவும் போட்ட, லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கற கான்வென்ட். ஊருக்குள்ள ஓட்டுக் கட்டடத்துல ஓடற ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளி வேற ஜாதி. அது எப்படி நடக்குது, அங்க ஒரு வருஷம் எப்படிப் போகுது, ஏன் அந்த ஸ்கூல்ல எந்த விசேஷத்தைத் தொட்டாலும் கடைசியில பிள்ளைங்க எண்ணிக்கையில போய் நிக்குதுன்னு சொல்லத்தான் இது.

முதல்ல யாரு சம்பளம் குடுக்கறா, யாரு சாவி வச்சிருக்கான்னு பாத்துடலாம், ஏன்னா பாதி குழப்பம் அங்கதான். இடமும் கட்டடமும் மறைமாவட்டத்தோடது (ஒரு பிஷப்புக்குக் கீழ வர்ற பகுதி), இல்லன்னா சிஸ்டர்ஸ் சபையோடது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்துல இருக்கற டீச்சருக்கு சம்பளம் அரசாங்கம் குடுக்குது, பாடப்புத்தகம் அரசாங்கத்தோடது, சத்துணவும் அப்படித்தான், தமிழ் மீடியத்துல டியூஷன் ஃபீஸ் கிடையாது. இந்த ஏற்பாடு நேத்து வந்தது இல்ல, 1854ல பிரிட்டிஷ்காரன் போட்ட உட் கல்வி அறிக்கையில இருந்து வர்ற மானிய முறை, தனியார் நடத்தட்டும் அரசு உதவி பண்ணட்டும்னு. சுதந்திரத்துக்கு அப்புறம் அரசியல் சாசனத்தோட 30(1) பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தற உரிமையை எழுதி வச்சதால அந்த அமைப்பு அப்படியே தொடருது.

பள்ளிக்குத் தாளாளர் பெரும்பாலும் பங்குச் சாமியார். அதாவது காலையில பூசை வைக்கற அதே ஃபாதர்தான் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸுக்குப் போற ஃபைல்ல கையெழுத்துப் போடணும். இதுல ஒரு சிக்கல், ஃபாதருக்கு மாறுதல் வந்தா தாளாளரும் மாறிடுவாரு, போன ஃபாதர் ஆரம்பிச்ச டாய்லெட் வேலையை வந்த ஃபாதர் முடிக்கணும், சில பேருக்கு ஸ்கூல்னா உசுரு, சில பேருக்கு அது ஒரு தலைவலி. கோயிலுக்கு மணிக்கூண்டு கட்டறதுல காட்டற ஆர்வத்துல பாதி ஸ்கூல் கூரை மேல இருந்தா போதும்னு நெனச்சுக்கிட்டே வருஷத்தை ஓட்டற எச்.எம்.கள் நெறைய. டீச்சர்ங்களை மறைமாவட்டத்துக்குள்ள ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு மாத்தறது ஆர்.சி. பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஆபீஸ், அவரும் ஒரு சாமியார்தான். சம்பள பில் மட்டும் கல்வித்துறை வழியாப் போகும். ஒரு டீச்சருக்கு ரெண்டு முதலாளி, ரெண்டு பேரும் லீவு லெட்டர் கேப்பாங்க.

எச்.எம். பல ஊர்ல சிஸ்டர். தமிழ் நாட்டுப் பக்கம் பெண் பிள்ளைங்களைப் படிக்க வைக்கணும்னு ஆரம்பிச்ச துறவற சபைகள்ல ரொம்பப் பழசு ஒண்ணு 1844ல புதுச்சேரியில துய்ப்புயிங்கற பிரெஞ்சு சாமியார் தொடங்குனது, பொண்ணு எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா குடும்பம் கெட்டுடும்னு ஊரே பேசின காலம் அது. அதுக்கப்புறம் சபைகள் வரிசையா வந்துச்சு, ஒவ்வொரு மடத்துக்குப் பக்கத்துலயும் ஒரு ஸ்கூல். இன்னிக்கும் கிராமத்துல "சிஸ்டர் ஸ்கூல்"னு சொன்னா பொம்பளப் பிள்ளைய தைரியமா அனுப்பலாம்னு ஒரு நம்பிக்கை இருக்குன்னா அது அந்த நூத்தியெண்பது வருஷத்துக் கணக்குல இருந்து வந்தது.

சிஸ்டரோட சம்பளம் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், இது சமீபத்துல நியூஸா வந்தும் நெறைய பேருக்குப் புரியல. சிஸ்டர் ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்தவங்க, அவங்க பேர்ல அரசு சம்பளம் வந்தாலும் அது சபைக்குப் போயிடும், கைச்செலவுக்கு மடத்துத் தலைவியான மதர்கிட்டதான் கேக்கணும். அதனால அவங்களுக்கு வருமானமே இல்லைங்கற கணக்குல 1944ல வந்த ஒரு சுற்றறிக்கையை வச்சு பல வருஷம் வரி பிடிக்கல. அப்புறம் வருமான வரித்துறை டி.டி.எஸ்., அதாவது சம்பளத்துலயே வரி, பிடிக்கச் சொல்லி, கேஸ் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய், 2019ல அங்க ரெண்டு நீதிபதி பெஞ்ச் பிடிக்கலாம்னு சொல்லி, கடைசியா 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. சம்பளம் யாரு பேர்ல வருதோ அவங்களுக்குத்தான் வருமானம், அதை அப்புறம் யாருக்குக் குடுக்கறீங்கங்கறது உங்க சொந்த விஷயம்ங்கறதுதான் சாராம்சம். சட்டப்படி அது சரின்னுதான் எனக்கும் தோணுது. ஆனா நடைமுறையில என்ன ஆகுதுன்னா, அந்த சம்பளத்துல இருந்துதான் பல மடங்கள் அனுமதி இல்லாத போஸ்ட்ல வேலை பாக்கற மேனேஜ்மென்ட் டீச்சருக்கு மாசாமாசம் ஏதோ ஒரு தொகை குடுத்துட்டு இருந்தாங்க, எல்.கே.ஜி. யு.கே.ஜி. மிஸ்ஸுக்கும் அப்படித்தான், ஏன்னா அந்த வகுப்புக்கு அரசு சம்பளம் வராது. வரி போனா அந்தப் பை சுருங்குது.

இனி ஸ்கூல் உள்ள போவோம்.

காலையில அசெம்பிளி. தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு சின்ன ஜெபம், உறுதிமொழி, திருக்குறள், அப்புறம் செய்தி வாசிப்பு. நாலாப்பு பிள்ளை ஒண்ணு பேப்பர்ல இருந்து ரெண்டு தலைப்பை நோட்டுல எழுதிட்டு வந்து "இன்றைய முக்கியச் செய்திகள்"னு மூச்சு விடாம வாசிக்கும். அதுக்கு அப்புறம் சிஸ்டர் சொல்றதுதான் நிஜமான நியூஸ்: நாளைக்கு டாக்டர் வர்றாரு எல்லாரும் குளிச்சுட்டு வாங்க, வெள்ளிக்கிழமை குடற்புழு மாத்திரை, ஆதார் இல்லாதவங்க அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, வங்கிக் கணக்கு நம்பர் தப்பா இருக்கு. பிள்ளைங்க இதுல பாதியைத்தான் வீட்டுக்குக் கொண்டு போகும்னு எல்லாருக்கும் தெரியும். அதனால ரெண்டாவது ரவுண்டு ஞாயித்துக்கிழமை பூசையில நடக்கும். நற்கருணை வாங்கி முடிச்சு எல்லாரும் உக்காந்ததுக்கு அப்புறம் ஃபாதர் ஒரு சிட்டையை எடுத்து அறிவிப்பு வாசிப்பாரு, திருமண ஓலை (யாருக்கு யாரோட கல்யாணம்ங்கற அறிவிப்பு), அன்பியக் கூட்டம் (தெருவாரியா கூடற கத்தோலிக்கக் குடும்பங்களோடது), இறந்தவங்க நினைவுப் பூசை, அதுக்கு நடுவுல "நமது பள்ளியில் சேர்க்கை நடைபெறுகிறது, நமது பிள்ளைகளை நமது பள்ளியிலேயே சேர்ப்போம்". அந்த "நமது" கொஞ்சம் அழுத்தமா வரும். பிள்ளையை நர்சரி வேன்ல ஏத்தி அனுப்பற குடும்பங்களும் அதே பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கும், தலையைக் குனிஞ்சுக்கிட்டு.

ஆனா பூசைக்கு வராத பெற்றோருக்கு? பல ஊர்ல ஆர்.சி. தொடக்கப்பள்ளியில படிக்கற பிள்ளைங்கள்ல பாதிக்கு மேல இந்துப் பிள்ளைங்க, சில தெருவுல முஸ்லிம் பிள்ளைங்களும். 2011 சென்சஸ் படி தமிழ்நாட்டுல கிறிஸ்தவங்களே 6.12 சதவீதம்தான், இதுல எல்லாப் பிரிவும் சேர்த்தி, அப்ப கிறிஸ்தவப் பிள்ளைங்களை மட்டும் வச்சு எத்தனை ஊர்ல ஸ்கூல் நடத்த முடியும்? அதனால அவங்களுக்கு வாட்ஸ்அப் குரூப், அதுல குட்மார்னிங் படத்துக்கு நடுவுல வீட்டுப்பாடத்தைத் தேடணும். மறைக்கல்வி பீரியட்ல கத்தோலிக்கப் பிள்ளைங்க தனியா உக்காரும், மத்தவங்களுக்கு நீதிபோதனை. அரசு உதவி வாங்கற எந்த ஸ்கூல்லயும் பெத்தவங்க சம்மதம் இல்லாம ஒரு பிள்ளையை மத போதனையில உக்கார வைக்கக் கூடாதுன்னு சாசனத்தோட 28(3) பிரிவு சொல்லுது, இது பெற்றோர் பல பேருக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கறது நல்லது. புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை, வாங்கற பிள்ளைங்களுக்கு மட்டும் கோயில்ல தனி வகுப்பு, அதுல ஸ்கூலுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா பக்கத்து பெஞ்ச் இந்து ஃப்ரெண்டு புது டிரஸ் போட்டு அன்னிக்கு பிரியாணிக்கு வந்துடுவான்.

காலண்டர் ஒண்ணு தனியா ஓடும். ஸ்கூல் திறந்த சூட்டுல ஜூன் 13 அந்தோணியார் திருவிழா. ஆகஸ்ட் 15 ரெட்டை விசேஷம், மாதா விண்ணேற்புப் பெருவிழாவும் சுதந்திர தினமும், காலையில பூசை முடிஞ்சு அதே கூட்டம் அப்படியே ஸ்கூல் கிரவுண்டுக்கு வந்து கொடியேத்தும், மிட்டாய் ரெண்டு தடவை கிடைக்கும். தூத்துக்குடிக்காரங்களுக்கு ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா, கன்னியாகுமரி மாவட்டத்துல டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார், ரெண்டுக்கும் அந்த மாவட்டத்துல லோக்கல் லீவு விடறது வழக்கம். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில கொடி ஏறினதுல இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் காவி உடுத்தி நடைபயணம் போற குடும்பங்கள் பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடும், கல்வித்துறையோட எமிஸ் ஆப்ல வருகைப்பதிவு சரியும், மேல இருந்து ஏன்னு கேப்பாங்க, டீச்சர் "காய்ச்சல்"னு சொல்லி சமாளிப்பாங்க. கிறிஸ்துமஸ் ப்ரோக்ராம் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடியே முடிச்சுடணும், குடிலுக்கு வைக்கோல் கொண்டு வர்றது எப்பவும் மாடு இருக்கற வீட்டு இந்துப் பையன்தான். ஆண்டுவிழா மாசி பங்குனி வாக்குல.

இதெல்லாம் பாக்க அழகான ஊர்க்கதை மாதிரி இருக்கும். அடியில ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1 அன்னிக்கு பதிவேட்டுல எத்தனை பிள்ளைங்கன்னு பாத்துதான் ஸ்டாஃப் ஃபிக்ஸேஷன், அதாவது ஸ்கூலுக்கு எத்தனை டீச்சர்ங்கற முடிவு. தொடக்கப்பள்ளிக்கு 30 பிள்ளைக்கு 1 டீச்சர், 60 வரைக்கும் 2 பேர், 61 ஆனா 3, 91 ஆனா 4. ஒரு தலை குறைஞ்சா ஒரு போஸ்ட் உபரி, உபரியானவங்க பணிநிரவல்ல வேற ஸ்கூல் போகணும், இங்க அந்த போஸ்ட்ல யாராச்சும் ரிட்டயர் ஆனா திரும்ப நிரப்ப அனுமதி கிடைக்காது. ஜூலை மாசம் முழுக்க இந்த 60க்கும் 61க்கும் நடுவுலதான் எச்.எம்.முக்குத் தூக்கம் போகும்.

இப்ப காலை உணவு எண்ணிக்கையை எடுத்து இதோட வச்சுப் பாருங்க. 2024ல கிராமத்துல சேர்ந்தது 3,995 பள்ளிகள், 2.23 லட்சம் பிள்ளைங்க. வகுத்தா ஒரு ஸ்கூலுக்கு சராசரி 56. 2025ல நகரத்துல 2,429 பள்ளிகள், 3.06 லட்சம் பிள்ளைங்க, சராசரி 126. இது ஆர்.சி. மட்டும் இல்ல, சி.எஸ்.ஐ., இந்து நிர்வாகங்கள், முஸ்லிம் நிர்வாகங்கள் நடத்தற எல்லா உதவி பெறும் பள்ளியும் சேர்ந்த கணக்கு, இருந்தாலும் நிலைமை புரியும். சராசரி 56 பிள்ளைன்னா மேல சொன்ன கணக்குப்படி 2 டீச்சர். அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர், அதுல ஒருத்தர் எச்.எம்., அவங்க பாதி நாள் ஆன்லைன்ல விவரம் ஏத்திக்கிட்டு இருப்பாங்க. மூணாவதா ஒரு ஆள் கிளாஸ்ல நிக்கறாங்கன்னா அது மடமோ பங்கோ சம்பளம் குடுக்கற மேனேஜ்மென்ட் டீச்சர். எண்ணிக்கை மட்டும் வச்சு போஸ்ட் குடுக்கற முறை தொடக்கப்பள்ளிக்குப் பொருந்தவே பொருந்தாதுங்கறது என் கருத்து, குறைஞ்சது மூணு பேர் இல்லாம அஞ்சு வகுப்பை நடத்தறது பாடம் நடத்தறதே இல்ல, பிள்ளைங்களை மேய்க்கறது. அரசுப் பள்ளிக்கும் இதே வியாதி உண்டு.

காலை உணவு தாமதமா வந்தது இந்த இடத்துலதான் அடிச்சுது. திட்டம் 2022 செப்டம்பர் 15ல மதுரையில தொடங்குச்சு, 2023 ஆகஸ்ட் 25ல திருக்குவளையில இருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் போச்சு. உதவி பெறும் பள்ளிக்கு கிராமத்துல 2024 ஜூலை, டவுன்ல 2025 ஆகஸ்ட். ஒரே தெருவுல கிழக்க அரசாங்கத்தோட ஒன்றியப் பள்ளி, மேக்க ஆர்.சி. பள்ளி. விடிகாலையில நாத்து நடப் போற அம்மாவுக்கு, பிள்ளைக்கு எட்டு மணிக்கு சூடா பொங்கலோ கிச்சடியோ கிடைக்கற ஸ்கூல் எதுவோ அதுதான் நல்ல ஸ்கூல், அவங்க கணக்கு தப்பே இல்ல. 1982 ஜூலை 1ல எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்குனதுல இருந்து மத்தியான சோறு ரெண்டு ஸ்கூலுக்கும் ஒண்ணாத்தான் இருக்கு, காலைச் சோறு வந்தப்ப மட்டும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் வித்தியாசம். அந்த ரெண்டு ஜூன் மாசத்துல போன பிள்ளைங்க திரும்பி வர்றது கஷ்டம்.

இப்ப வந்துடுச்சு. கிராமத்துல சமையல் மகளிர் சுய உதவிக் குழு அக்காங்க. அதுல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், சமைக்கறவங்களோட பிள்ளை அதே ஸ்கூல்ல தொடக்க வகுப்புல படிக்கணும். தன் பிள்ளையும் அதே தட்டுல சாப்பிடும்போது உப்பு குறையாது பாருங்க. அவங்க போன்ல ஆப் வச்சு சமைச்சு முடிச்ச நேரத்தையும் சாப்பிட்ட எண்ணிக்கையையும் ஏத்தணும். சிஸ்டர்ஸ் மடத்துல இருந்து முன்னாடி பசியோட வர்ற நாலஞ்சு பிள்ளைக்கு இட்லியோ பன்னோ குடுத்து சமாளிச்சுக்கிட்டு இருந்தது இப்ப தேவையில்ல.

கட்டடம் ஒரு தனி ரோதனை. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல உதவி பெறும் பள்ளியில கூரை பத்தி எரிஞ்சு 94 பிள்ளைங்க செத்தாங்க, அது கத்தோலிக்கப் பள்ளி இல்ல, ஆனா அதுக்கப்புறம் வந்த விதிகள் எல்லாருக்கும் பொது. கீத்துக் கொட்டகை போச்சு. அங்கீகாரம் புதுப்பிக்க கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறை சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேப்பாங்க, கேக்கறதும் நியாயம்தான். ஆனா இதுக்கான செலவு தாளாளர் தலையில. வெளிநாட்டுப் பணம் கொட்டுதுன்னு பேசறவங்க 2020ல வெளிநாட்டு நன்கொடைக்கான எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தை எப்படி இறுக்கினாங்கன்னு பாக்கணும். திருவிழா வசூல், பழைய மாணவர்கள், மேலூர்ல இருந்து துபாய் போன யாரோ ஒருத்தர், இப்படித்தான் ஒரு கிளாஸ்ரூமுக்கு டைல்ஸ் விழுது.

மூடி மறைக்காம இன்னொண்ணும் சொல்லிடணும். பங்குக்குள்ள இருக்கற சாதி ஸ்கூலுக்குள்ளயும் எட்டிப் பாக்கும். எந்தத் தெருப் பிள்ளைங்க இங்க வருது, எந்தத் தெரு வேன் ஏறிப் போகுதுன்னு பாத்தாலே தெரிஞ்சுடும், பல ஊர்ல ஆர்.சி. தொடக்கப்பள்ளி இப்ப பெரும்பாலும் தலித் பிள்ளைங்க படிக்கற இடம். எமிஸ்ல சமுதாயக் கலம் நிரப்பும்போது பக்கத்து பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க, ஒரே சாதி, ஒண்ணு இந்து ஆதிதிராவிடர் எஸ்.சி., இன்னொண்ணு கிறிஸ்தவ ஆதிதிராவிடர் பி.சி. எஸ்.சி. பட்டியல்ல கிறிஸ்தவங்களைச் சேக்காம 1950ல வந்த குடியரசுத் தலைவர் ஆணையோட விளைவு. கூலி வேலைக்குப் போற அப்பா ரெண்டு பேருக்கும் ஒரே கூலி, சலுகை மட்டும் வேற. இதைப் பெத்தவங்களுக்கு விளக்கற வேலையும் ஒண்ணாப்பு டீச்சர் தலையில விழும்.

டீச்சர்ங்க தலைக்கு மேல தொங்கறது டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) விவகாரம். 2014ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச், கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிக்குப் பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. 2025 செப்டம்பர் 1ல வந்த தீர்ப்பு, அஞ்சு வருஷத்துக்கு மேல சர்வீஸ் பாக்கி இருக்கற டீச்சர்ங்க ரெண்டு வருஷத்துக்குள்ள டெட் பாஸ் பண்ணணும்னு சொன்னது, சிறுபான்மைப் பள்ளிக்கும் அது உண்டாங்கற கேள்வியை மட்டும் பெரிய பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க. அதனால ஆர்.சி. டீச்சருக்கு உடனே கத்தி இல்ல, ஆனா நாப்பத்தஞ்சு வயசுல கைடு வாங்கி வச்சு ராத்திரி படிக்கறவங்க ஸ்டாஃப் ரூம்ல இருக்காங்க, எதுக்கு வம்புன்னு.

சரி, எண்ணிக்கை எப்படிப் பிடிச்சு வைக்கறாங்க? மே மாச வெயில்ல டீச்சர்ங்க வீடு வீடா போறாங்க, ஒண்ணாப்புல சேர்ற பிள்ளைக்குப் பையும் தண்ணி பாட்டிலும் சொந்தக் காசுல வாங்கிக் குடுக்கறாங்க, தூரத்துத் தெருவுக்கு ஆட்டோ காசைப் பங்கு போட்டுக்கறாங்க. அங்கன்வாடி வாசல்ல நின்னு யாரு பிள்ளைக்கு அஞ்சு வயசு ஆகுதுன்னு விசாரிக்கறதும் உண்டு, அதே வாசல்ல ஒன்றியப் பள்ளி டீச்சரும் நிப்பாங்க. இவ்வளவும் பண்ணி மேல இருந்து ஒரு இழுப்பு வரும். மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020ல இருந்து அரசுப் பள்ளிக்கு உண்டு, உதவி பெறும் பள்ளிக்கு இல்ல. காலேஜ் படிக்கப் போற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் குடுக்கற புதுமைப்பெண் உதவித்தொகையை 2024ல இருந்து உதவி பெறும் பள்ளித் தமிழ் மீடியப் பொண்ணுங்களுக்கும் விரிச்சாங்க, பையன்களுக்கு தமிழ்ப்புதல்வன் அதே வருஷம் ஆகஸ்ட் 9ல ரெண்டு வகைப் பள்ளிக்கும் சேத்தே வந்துச்சு, ஆனா டாக்டர் சீட்டு ஆசை அந்த ஆயிரம் ரூபாய விடப் பெருசு. அஞ்சாப்பு முடிச்ச பிள்ளையை ஆறாவதுக்கு சிஸ்டர்ஸ் ஹைஸ்கூலுக்கு அனுப்பாம அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பறாங்க. அண்ணன் போற பக்கமே தம்பியையும் அனுப்பினா கூட்டிட்டுப் போக வசதின்னு, அரசுப் பள்ளிக்குப் பக்கத்துலயே தொடக்கப்பள்ளி இருந்தா மூணாப்பு படிக்கற தம்பிக்கும் டி.சி. கேட்டு வருவாங்க. அப்படி ஒரு டி.சி. ஜூன்ல போனா பரவாயில்ல, ஜூலை கடைசியில கேட்டா சிஸ்டர், "ஆகஸ்ட் ரெண்டாந்தேதி வந்து வாங்கிக்கோங்கம்மா"ன்னுதான் சொல்லுவாங்க.